ஆவிக்கு விலை ஒரு லட்சம்

இட்லிப் பானையும் குக்கரும் இருக்கிற வீட்டுக்கு ஸ்டீம் ஓவன் எதற்கு? திண்டுக்கல் பிரியாணியையும் சிறுமலைக் குளிரையும் வைத்து ஒரு மதிப்பீடு.

காலை 11 மணி. திண்டுக்கல் பிரியாணிக் கடை ஒன்றின் பின்கட்டு. ஆளுயரத் துடுப்பால் கடைசியாக ஒருமுறை கிளறிவிட்டு மாஸ்டர் தள்ளி நிற்கிறார். சீரகச் சம்பா முக்கால் பதம் வெந்திருக்கிறது. கறிச்சாறு அரிசியின் தலையைத் தொட்டு நிற்கிறது. அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்த விறகை ஒருவர் வெளியே இழுத்துப் போடுகிறார். இன்னொருவர் அண்டாவின் வாயில் ஈரத்துணியைச் சுற்றி மூடியைக் கவிழ்க்கிறார். இழுத்துப் போட்ட விறகின் கங்கு, மண்வெட்டியில் அள்ளப்பட்டு மூடிமேல் ஏறுகிறது. அதன் பிறகு மூடியைத் திறக்கும்வரை அண்டாவை யாரும் தொடுவதில்லை.

தம் போடுவது என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பவை மூன்று. கீழ்ச்சூடு தணிகிறது, மேலிருந்து வறண்ட சூடு இறங்குகிறது, நடுவில் இருக்கும் ஆவி வெளியேற வழியின்றி அரிசிக்குள்ளேயே திரும்புகிறது. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடை தலப்பாக்கட்டி என்ற பெயரில் நாடறிந்ததற்கு அரிசியும் கறியும் மசாலாவும் எவ்வளவு காரணமோ, இந்த மூன்றையும் கண்ணாலும் கையாலும் அளந்து நிறுத்தும் திறமையும் அவ்வளவு காரணம். இன்றைக்கு நகரத்து வசதியான வீடுகளில் பேச்சாகியிருக்கும் ஸ்டீம் கன்வெக்‌ஷன் ஓவன், இதே மூன்று வேலைகளைச் சென்சாரும் விசிறியும் கொதிகலனும் வைத்துச் செய்கிறது. சமையல் மேடைமேல் வைக்கும் அளவுள்ள உயர்ரக மாடலுக்கு இந்தியக் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் ஆகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள், வீட்டிலேயே கேக்கும் பன்னும் செய்து விற்பவர்கள் விலை கேட்கிறார்கள், புது வீடு கட்டுபவர்கள் சமையலறை வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்குகிறார்கள். இந்தப் பணத்துக்கு இது தகுமா என்ற கேள்வியை இட்லியிலிருந்து தொடங்கினால் தவறான விடைதான் கிடைக்கும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். நீராவி நமக்கு ஏற்கெனவே மலிவாக, நன்றாகக் கிடைக்கிறது. நம் அடுப்பங்கரையில் இல்லாதது, ஆவியையும் வறண்ட சூட்டையும் தனித்தனியாக அளந்து கலக்கும் வசதி. அந்தக் கலவைக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இயந்திரத்தின் மதிப்பு.

பெட்டி 1: ஓட்டல் சமையலறையிலிருந்து வீட்டு மேடைக்கு

1976: ஜெர்மனியின் ராட்டியோனால் நிறுவனம், ஆவியும் சூடான காற்றும் சேர்ந்த முதல் காம்பி ஓவனை ஓட்டல்களுக்காகக் கொண்டுவந்தது.
2004: ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் ஹெல்சியோ என்ற பெயரில், மிகைச்சூடேற்றிய நீராவியால் சமைக்கும் வீட்டு ஓவனை அறிமுகப்படுத்தியது.
2020: அமெரிக்காவின் அனோவா நிறுவனம் மேடைமேல் வைக்கும் பிரெசிஷன் ஓவனை 599 டாலருக்கு விற்றது. 25 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூட்டையும், பூஜ்யத்திலிருந்து 100 சதவீதம் வரை ஆவியையும் தனித்தனியாக அமைக்கலாம்.
2024: அதன் இரண்டாம் தலைமுறை, உள்ளே கேமராவோடு 1,199 டாலருக்கு வந்தது.

இட்லியை வைத்து எடை போடாதீர்கள்

ஆவியின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் போதும். அதே நீர் முழுவதையும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். ஆவி, குளிர்ந்த மாவின்மேல் பட்டு மீண்டும் நீர்த்துளியாகும் நொடியில் அந்தச் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. 200 டிகிரி ஓவனுக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுத்துவிடலாம். 100 டிகிரி இட்லிப் பானையின் ஆவி பட்டால் தோல் வெந்துபோகும். காரணம் இதுதான். பத்து நிமிடத்தில் ஓர் ஈடு இட்லி வேகும் ரகசியமும் இதுவே. இந்த வேலைக்கு அடியில் தண்ணீர், மேலே தட்டு, ஒரு மூடி ஆகியவற்றைத் தாண்டி எந்தச் சாதனமும் தேவையில்லை. சொல்லப்போனால் விலையுயர்ந்த ஓவன் இங்கே சற்றுப் பின்தங்குகிறது. உள்ளறை முழுவதும் ஆவி நிறைய அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மேற்கூரையில் சேரும் துளிகள் மேல்தட்டு இட்லியில் சொட்டும். விசிறியின் வேகத்தைக் குறைக்க வழியில்லாத மாடல்களில் காற்று மாவின் மேற்பரப்பைக் கலைக்கும். துணி போட்டு ஊற்றும் இட்லியின் பதத்துக்கு இவற்றால் எதையும் கூட்ட முடியாது.

புட்டின் கதை இன்னும் தெளிவு. புட்டுக்குழலில் ஆவிக்கு வேறு வழி கிடையாது. குடத்தில் உருவாகும் அழுத்தம் அதை மாவுக்குள் புகுத்தி மேலே தள்ளுகிறது. ஓவனில் ஆவி மாவைச் சுற்றி நிற்குமே ஒழிய உள்ளே நுழையக் கட்டாயம் ஏதுமில்லை. ஓரம் ஈரமாகி நடு வறண்டு நிற்கும். இடியாப்பமும் கொழுக்கட்டையும் நன்றாகவே வரும். பிள்ளையார் சதுர்த்தி அன்று இரண்டு மூன்று தட்டுகளில் ஒரேயடியாக ஐம்பது கொழுக்கட்டை வேகவைப்பது வசதிதான். ஆண்டுக்கு ஒருநாள் வசதிக்கு யாரும் ஒரு லட்சம் கொடுக்க மாட்டார்கள்.

ஆள் பக்கத்தில் நிற்காமல் ஆவியில் சமைக்கும் பெட்டி என்பதும் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1910இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கரில், அடியில் கரி, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் காயும் ஒன்றாக வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போய் வரலாம். தமிழ் வீடுகளில் ருக்மணி குக்கர் என்ற பித்தளை அடுக்கு இதே வேலையைச் செய்தது. ஆகவே விளம்பரங்கள் ஆவி சமையலை ஒரு கண்டுபிடிப்பாக நம்மிடமே விற்கும்போது தயங்காமல் அதை ஒதுக்கிவிடலாம். சத்து காக்கும் என்ற வாசகத்துக்கும் அதே பதில். காயைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும் சமையலோடு ஒப்பிட்டால் ஆவி வைட்டமின் சியைக் காக்கும் என்பது உண்மை. நம் குழம்பிலும் கூட்டிலும் ரசத்திலும் வெந்த தண்ணீர் இலைக்கே வந்துவிடுகிறது. இங்கே அந்த லாபம் மிகச் சிறியது.

மலையேறும் சூடு

திண்டுக்கல் வட்டாரம் இந்த இயந்திரத்தைச் சோதிக்க நல்ல களம். நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிறுமலைக்கு ஏறினால் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். இதே மாவட்டத்தின் கொடைக்கானல் 2,100 மீட்டர். சுமார் 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். திண்டுக்கல்லில் 99, சிறுமலையில் 96, 97, கொடைக்கானலில் 93. ஸ்டீம் ஓவனின் உள்ளறை அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தம்தான். திரையில் 100 டிகிரி, 100 சதவீத ஆவி என்று காட்டினாலும் மலைமேல் அந்தத் தூய ஆவியால் 96, 97 டிகிரிக்கு மேல் போக முடியாது. அதற்கு மேல் ஏற்றினால் அது ஆவியோடு கலந்த சூடான காற்றுதான்.

இட்லிக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அரிசி மாவின் ஸ்டார்ச் 80 டிகிரிக்குள்ளேயே வெந்துவிடும். துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் அப்படியல்ல, ஒவ்வொரு டிகிரிக்கும் வேகும் நேரம் நீளும். நம் குக்கர் வெளியழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்த்து 120 டிகிரியைத் தொடுகிறது. சிறுமலைக்குக் கொண்டுபோனாலும் அதில் ஒன்றரை டிகிரிதான் குறையும். நான்கு விசிலில் குழைகிற பருப்பு ஸ்டீம் ஓவனில் முக்கால் மணி நேரம் கேட்கும், அப்போதும் அந்தக் குழைவு வராது. சமவெளியிலும் சரி, மலையிலும் சரி, குக்கரை அலமாரியில் ஏற்றிவிட்டு இந்த ஓவனை நம்பி இருக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் தமிழ் வீட்டில் சாம்பார் வைத்தவரில்லை.

மலைக்குளிரில் இதே ஓவன் வேறொரு வேலையில் முந்துகிறது. இட்லி மாவை உப்பவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு 30 டிகிரி வாக்கில் சூடு பிடிக்கும். சித்திரையில் திண்டுக்கல் சமவெளியில் இரவு ஆட்டிய மாவு விடியுமுன் பொங்கி வழிந்து புளித்துவிடும். மார்கழியில் சிறுமலையிலோ கொடைக்கானலிலோ மறுநாள் மதியமானாலும் அசையாது. 25 டிகிரியிலிருந்து அளந்து நிறுத்தக்கூடிய ஓவன் இதைத் தீர்க்கும். தயிர் உறைவதற்கும், பன் மாவு உப்புவதற்கும் இதே பயன் உண்டு. ஆவி வசதியில்லாத சாதாரண மின்சார ஓவனான ஓடிஜியின் விளக்கைப் போட்டு அதற்குள் பாத்திரத்தை வைத்து மூடும் பழக்கம் மலைவீடுகளில் கிட்டத்தட்ட இதைச் சாதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிட்டத்தட்டதான். பொங்கலுக்கு ஊரே வந்திறங்கும்போது மாவு கைவிடாது என்ற உறுதி அதில் கிடைக்காது.

இயந்திரம் ஜெயிக்கும் இடம்

இறைச்சிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கோழியின் நெஞ்சுக்கறி 75 டிகிரியைத் தொட்டதும் சாப்பிடப் பாதுகாப்பு. 85ஐத் தாண்டினால் நார்நாராகும். ஓடிஜியில் 200 டிகிரி வறண்ட காற்று மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்சியபடியே சமைக்கிறது. உள்ளே வேகும்போது வெளியே காய்ந்துவிடும். ஸ்டீம் ஓவனில் முதல் பகுதியை ஆவியோடு மிதமான சூட்டில் வேகவைத்து, கடைசிப் பத்து நிமிடம் ஆவியை நிறுத்தி 220 டிகிரிக்கு ஏற்றினால் உள்ளே சாறும் வெளியே முறுகலும் ஒரே பாத்திரத்தில் கிடைக்கும். கறிக்குள் செருகும் வெப்பமானி, சொன்ன டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிடும். எதிர்முனையில் ஆட்டுக்கால் பாயா. எலும்போடு ஒட்டிய கொலாஜன் கூழாகக் கரைய மணிக்கணக்கில் ஈரச்சூடு வேண்டும். 95 டிகிரியில் இரவெல்லாம் வைத்துவிட்டால் அடிப்பிடிக்காது, வற்றாது, காலையில் குழம்பு கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பதத்தில் இருக்கும். குக்கரும் இதைச் செய்யும், விரைவாகவே செய்யும். ஆனால் எலும்பு உடைந்து சாறு கலங்கும்.

பிரியாணியின் தம்மும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஓட்டல்களின் பெரிய காம்பி ஓவன்களில் தட்டையான தட்டுகளில் அரிசி வேகவைப்பது நெடுநாள் வழக்கம். வீட்டில் கேஸ் அடுப்பின்மேல் தோசைக்கல், அதன்மேல் பாத்திரம், மூடிமேல் வெந்நீர்ச் சொம்பு என்று போடும் தம்மில் அடிச்சூடு எப்போதும் மிகுதி. மேற்சூடு கிட்டத்தட்ட இல்லை. குட்டையான சீரகச் சம்பா அடியில் குழைந்து மேலே விறைத்து நிற்பதற்கு அதுவே காரணம். முழு ஆவியும் 130 டிகிரியும் நாலாப்புறமிருந்தும் சமமாக வரும்போது அரிசி கிளறாமலே ஒரே பதமாகும். விறகுப்புகையின் மணம் வராது. அதற்கு ஈடாக எந்த மின்சாதனமும் எதையும் தர முடியாது, தருவதாகச் சொன்னால் நம்பவும் கூடாது. பதத்தை மட்டும் கேட்டால், வீட்டுத் தம்மைவிடக் கடைத் தம்முக்கு இது பக்கத்தில் நிற்கிறது.

ரொட்டியில் ஆவியின் பங்கு வேறு. ஓவனுக்குள் போன முதல் சில நிமிடங்களில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகினால் மாவு உப்ப இடமிருக்காது. அந்த நேரத்தில் ஆவி செலுத்தினால் தோல் இளகியிருந்து மாவு முழுதாக எழும்பும், பிறகு பளபளப்பாகச் சிவக்கும். பேக்கரிகளின் பெரிய ஓவன்களில் இதற்கென்றே ஆவிக்குழாய் உண்டு. வீட்டில் செய்பவர்கள் ஓடிஜிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துச் சமாளிக்கிறார்கள். சமாளிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பத்தாவது ரொட்டியில் உணரலாம். அன்றாட வீட்டுக்கு இதைவிடப் பெரிய பயன் மீந்ததைச் சூடாக்குவதில் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறும் இட்லியும் விறைப்பது ஸ்டார்ச் மீண்டும் கட்டிப்படுவதால். மைக்ரோவேவ் அதை இளக்கும்போதே ஈரத்தை வெளியேற்றி விளிம்பை ரப்பராக்கிவிடும். ஆவியில் சூடாக்கினால் அன்றே வடித்த சோற்றின் மென்மை திரும்பி வரும். பல் போன பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயமில்லை. இதையும் இட்லிப் பானை செய்யுமே என்று கேட்கலாம். இட்லிக்கும் சோற்றுக்கும் செய்யும். சப்பாத்தியையும் பொரித்த மீனையும் அதில் வைத்தால் நனைந்துபோகும், அங்கே ஆவியைக் குறைத்துக் காற்றைக் கூட்டத் தெரிந்த பெட்டிதான் உதவும்.

வடை, முறுக்கு, அப்பளம் எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எண்ணெய் தரும் மொறுமொறுப்பு எண்ணெய்க்கே உரியது. வற்றல் போடத் திண்டுக்கல் வெயில் இலவசமாக இருக்கும்போது மின்சாரத்தில் சுண்டைக்காய் காயவைப்பதும் வீண். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தை உலர்த்தி விற்க இந்த ஓவன் உதவுமா என்ற கேள்விக்கும் அதே பதில். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் இடமில்லை, அந்த வேலைக்குச் சூரிய உலர்த்திக் கூடாரமே பொருத்தம்.

தண்ணீரில் இருக்கிறது வில்லங்கம்

விலைப்பட்டியலில் வராத செலவுகள்தான் இந்த மதிப்பீட்டின் முக்கியப் பகுதி. அதில் முதலிடம் தண்ணீருக்கு. திண்டுக்கல் பக்கத்தில் தண்ணீரைச் சொல்லும்போதே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் வருவது நல்ல தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நெடுங்காலம் இறங்கிய குடகனாற்று வட்டாரத்தில் நிலத்தடி நீரின் உப்பும் கடினத்தன்மையும் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பதிவான ஒன்று. இந்தியக் குடிநீர்த் தரவிதி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாக்கினால், நீர் போய்விடும், சுண்ணாம்பு கொதிகலனில் தங்கும். மாதத்துக்கு 18 கிராம். இட்லிப் பானையின் அடியில் இதே வெள்ளைப் படிவு பிடிக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. ஓவனில் அது கைக்கு எட்டாத மூடிய கொதிகலனுக்குள், சூடேற்றும் தகட்டின்மேல் படிகிறது. சிட்ரிக் அமிலம் கலந்து ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் வேலையைத் தவறவிட்டால் சென்சார் முதலில் பொய் சொல்லும், பிறகு தகடு கருகும். வாட்டர் ஹீட்டர் காயில் மாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போயிற்று என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் சில இயந்திரங்கள் நீரிலுள்ள உப்பின் வழியாகப் பாயும் மிகச்சிறு மின்னோட்டத்தை வைத்துத்தான் தொட்டியில் நீர் இருக்கிறதா என்று அறிகின்றன. முழுக்க உப்பு நீக்கிய நீரை அவை நீராகவே எண்ணாது. வாங்குமுன் கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படிப்பது, நிறத்தையும் திரையையும் பார்ப்பதைவிட முக்கியம்.

பெட்டி 2: கடைக்குப் போகுமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை

பிளக்: 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும். இந்த ஓவன்கள் 1,800 முதல் 2,400 வாட். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் தனி ஒயரும் எர்த்தும் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது.
மின்னழுத்தம்: அமெரிக்க மாடல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.
இடம்: பின்புறமும் மேலேயும் ஆவி வெளியேற இடைவெளி வேண்டும். மர அலமாரிக்கு அடியில் வைத்தால் பலகை ஊதிவிடும்.
உள்ளளவு: வீட்டிலுள்ள இட்லி ஸ்டாண்டின் உயரத்தை அளந்துகொண்டு போகவும்.
சர்வீஸ்: பழுதானால் ஆள் திண்டுக்கல்லுக்கு வருவாரா, இயந்திரம் மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கவும்.

மின்கட்டணத்தைப் பற்றிய பயம் பாதி நியாயமானது. 2,000 வாட் இயந்திரம் முழுவேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். சூடு ஏறியதும் நின்று நின்று ஓடுவதால் நடைமுறையில் குறையும். நாளுக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 90. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், குறைவாக மின்சாரம் செலவாகும் வீட்டில் இந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது. ஏசி ஓடும் வீட்டின் நிலை வேறு. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதி போய்விடும், அதற்கு மேலுள்ள யூனிட்டுக்கு விலை 8 ரூபாயைத் தாண்டும். 450இல் நிற்கும் வீட்டை இந்த ஓவன் அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். அப்போது ஆவியின் கட்டணத்தோடு, படி மாறியதன் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுகிறோம்.

இன்னொரு செலவு, மென்பொருள். இந்த வகை இயந்திரங்கள் கைபேசிச் செயலியோடு பிணைக்கப்பட்டு வருகின்றன. அனோவா நிறுவனம் 2024இல் தன் சமையல் செயலிக்குப் புதிய பயனாளர்களிடம் சந்தா வாங்கத் தொடங்கியது. பையிலிட்ட உணவை அளந்த சூட்டு வெந்நீரில் சமைக்கும் தன் பழைய ஸூவீட் சாதனங்களுக்கு 2025 செப்டம்பரோடு செயலி இணைப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கையால் இயக்கினால் அவை ஓடும், செயலியில் இருந்த வசதி போய்விடும். பாட்டி வாங்கிய இட்லிப் பானை பேத்தி கையில் இன்றும் ஓடும் நாட்டில், ஒரு லட்சத்துக்கு வாங்கும் பொருளின் ஆயுளைத் தொலைதூர நிறுவனம் ஒன்று நிர்ணயிப்பது சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் விஷயமல்ல. எல்லாக் கட்டுப்பாடும் இயந்திரத்தின் முகப்பிலேயே, பொத்தானாகவோ திருகாகவோ, இருக்கும் மாடலை மட்டும் பார்க்க வேண்டும்.

புரட்டாசியும் சஷ்டி விரதமும் அனுசரிக்கும் வீடுகளில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஆவி மணத்தைச் சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி வெந்த அறையில் செவ்வாய்க்கிழமை இடியாப்பம் வைத்தால் மணம் ஒட்டும். மஞ்சள் கறை கதவின் ரப்பர் விளிம்பில் ஏறினால் போகாது. பாத்திரமானால் இரண்டு வைத்துக்கொள்ளலாம். ஓவன் ஒன்றுதான்.

அடுப்பருகே நிற்பது யார்?

இத்தனைக்கும் பிறகு இந்த இயந்திரத்தின் பக்கம் நிற்கும் வலுவான வாதம் ஒன்று மிஞ்சுகிறது. அது ருசியைப் பற்றியதல்ல. 2024ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 289இல் பெரும்பங்கு அடுப்பருகே போகிறது, சித்திரை வெயிலில், விசில் எண்ணியபடி. வைத்துவிட்டு நகர்ந்துபோகலாம், வேலை முடிந்ததும் தானே அணையும், அறையில் தீ இல்லை, அடிப்பிடிக்காது என்பதெல்லாம் சோம்பலுக்கான வசதி என்று பேசுபவர்கள், அந்த வெக்கையில் தினம் நிற்காதவர்கள். அம்மியிலிருந்து மிக்ஸிக்கு மாறியபோதும் இதே பேச்சு எழுந்தது. இன்று யாரும் அம்மிக்குத் திரும்பச் சொல்வதில்லை.

ஆனாலும் இந்த வாதமே இயந்திரத்துக்கு எதிராகவும் திரும்புகிறது. தானே அணையும் டைமர் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு சில ஆயிரங்களில் கிடைக்கிறது. அதன்மேல் குக்கரையோ இட்லிப் பானையையோ வைத்தால் நகர்ந்துபோகும் சுதந்திரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதோடு நல்ல ஓடிஜி ஒன்றும் சேர்த்தால், ஸ்டீம் ஓவனின் விலையில் நான்கிலொரு பங்குக்குள் அதன் வேலையில் பாதிக்கு மேல் ஆகிவிடும். ஏர் ஃப்ரையர் போதுமே என்ற வாதத்தில் அந்த அளவு உண்மை இல்லை. அது சிறிய அறையில் வேகமாக வீசும் சூடான காற்று மட்டுமே, ஈரம் காக்கும் வேலை அதனால் ஆகாது. நாலு பேர் உள்ள வீடு, காலையில் இட்லி, மதியம் சோறு குழம்பு, ஞாயிறு கறி என்று ஓடுமானால் ஸ்டீம் ஓவனை வாங்க வேண்டியதில்லை. பணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றால் அது அவரவர் உரிமை. தேவை என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வாங்கலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து பன்னும் ரொட்டியும் செய்து உணவுப் பாதுகாப்புப் பதிவோடு விற்பவர்கள். பத்துப் பதினைந்து பேருக்குத் தினமும் கறிச்சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்கள். பல்லும் செரிமானமும் தளர்ந்த இருவர் வீட்டில் இருக்க, சமைப்பவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள். இவர்களுக்கு ஒரே பதம் திரும்பத் திரும்ப வருவதில் பணமோ நேரமோ இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறையாவது ஓடினால்தான் இயந்திரம் தன் விலையைத் திருப்பும். வாரம் ஒருமுறை ஓடுவது மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மற்ற வீடுகள் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது, காத்திருப்புக்கு முன்னுதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் எந்த வெளிநாட்டு மாடலின் நகலுமில்லை. இட்லி மாவுக்குக் கல்தான் வேண்டும், பிளேடு ஆகாது என்ற அறிவிலிருந்து பிறந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதே பட்டறைகளால் நமக்கான ஸ்டீம் ஓவனையும் செய்ய முடியும். திருகிக் கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கும்படியான திறந்த கொதிகலன், உப்புத் தண்ணீரிலும் நீர்மட்டம் காட்டும் மிதவை, இட்லித் தட்டின் உயரத்துக்கு உள்ளறை, விசிறியை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்சு, கறிக்கும் பலகாரத்துக்கும் மாற்றி மாற்றிப் போடக் கழற்றும் ரப்பர் விளிம்பு இரண்டு, செயலி கிடையாது, விலை முப்பதாயிரத்துக்குள். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அப்படியொன்று கடைக்கு வரும் நாளில் இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.